டயலில் ஓர் ஊரின் பெயர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. குறுக்களவு 35 மில்லிமீட்டர். கனம் ஏழு மில்லிமீட்டருக்கும் குறைவு. இதோ, என் இடது கையில் இருக்கிறது. ஜெர்மனியில் நோமோஸ் நிறுவனம் செய்யும் ‘டாங்கென்டே’ கைக்கடிகாரம். அண்மையில்தான் வாங்கினேன். வாங்கிய புதிதில் என்ன தோன்றியது, எது பிடித்தது, எது உறுத்தியது, அதை வந்து சொல்லுங்கள் என்று இங்குள்ள நண்பர்கள் கேட்டார்கள். சொல்ல வந்திருக்கிறேன்.

அழகைப் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. உங்களுக்கே கண் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். நான் பேசப்போவது இதன் முகத்தில் எழுதியிருக்கும் ஒரு பெயரைப் பற்றி. 12 என்ற எண்ணுக்குக் கீழே நோமோஸ் என்று இருக்கிறது. அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், கிளாஸ்ஹூட்டே என்று இருக்கிறது. அது கம்பெனிப் பெயர் இல்லை, ஊர்ப்பெயர். ஒரு கடிகாரம் நெற்றியில் ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டு வருகிறதென்றால், அந்தப் பெயருக்கு உள்ளே கணக்கு இருக்கிறதா? புதுக் கடிகாரம் வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

முகத்திலிருந்தே தொடங்குவோம். பெட்டியைத் திறந்தவுடன் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? “இவ்வளவுதானா?” என்பதுதான். வெள்ளி முலாம் பூசிய டயல். ஐந்தே ஐந்து எண்கள்: 12, 2, 4, 8, 10. ஒற்றைப்படை எண்கள் வர வேண்டிய இடமெல்லாம் மெல்லிய கோடு. 6 இருக்க வேண்டிய இடத்தைச் சற்றே பள்ளமான ஒரு சின்ன வட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறது. விநாடி முள் அதற்குள் தனியாகச் சுற்றுகிறது. தேதி இல்லை. கிழமை இல்லை. இருட்டில் ஒளிரும் பூச்சு இல்லை. லட்சத்தைத் தாண்டிப் பணம் கொடுத்திருக்கிறோம், இவ்வளவுதானா?

பிறகு ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்தேன். முட்கள் நிறம் மாறின. நேராகப் பார்த்தால் கறுப்பு. கொஞ்சம் திருப்பினால் நீலம். இந்த நீலம் சாயம் அல்ல. எஃகு முள்ளைச் சூடாக்கிக்கொண்டே போனால் முதலில் வைக்கோல் மஞ்சள் வரும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா. 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நீலம் வரும். அங்கே நிறுத்த வேண்டும். சூடு இன்னும் ஏறினால் நீலம் வெளிறிப்போகும், அந்த முள் குப்பைக்கு. மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடு படலத்தின் கனம்தான் நமக்கு நிறமாகத் தெரிகிறது. துருவையும் அது ஓரளவு தடுக்கும். சாயம் பூசிய நீலத்துக்கு இந்த விளையாட்டு வராது. எந்த வெளிச்சத்திலும் அது ஒரே நீலமாகத்தான் நிற்கும்.

அடுத்தது சாவி கொடுப்பது. இதில் பேட்டரி கிடையாது. கையை ஆட்டினால் தானே ஏறும் ஆட்டோமேட்டிக்கும் கிடையாது. விரலால் திருக வேண்டும். குமிழைத் திருகும்போது பல்லுக்குப் பல் விழும் சத்தம், மெல்லியதாக, ஆனால் சுத்தமாகக் கேட்கிறது. முழுக்க ஏறியதும் இதற்கு மேல் வேண்டாம் என்று அதுவே தடுத்துவிடும். ஒருமுறை முழுச் சாவி கொடுத்தால் 43 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. இதற்கு என்ன பொருள்? சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சாவி கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மறந்தீர்களானால், திங்கள் அதிகாலை மூன்று மணிக்கு நின்றுபோகும். அலுவலகம் போகிறவர்களுக்கு இது வம்பு. எனக்கு அந்த வம்பு பிடித்திருக்கிறது. காலையில் காபி வருவதற்குள் செய்து முடிக்கிற வேலைதான்.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிரிக்கிறீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சாவி கொடுப்பதைப் போய் இவன் ஜெர்மனியிலிருந்து கற்றுக்கொண்டு வந்திருக்கிறானே என்றுதானே? நியாயம். எச்எம்டி ஜனதாவுக்கு வாழ்நாளெல்லாம் சாவி கொடுத்த கைகள் உங்களுடையவை. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் எச்எம்டி கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. ஜனதாவின் டயலில் என்ன எழுதியிருக்கும்? 17 ஜூவல்ஸ். நம் ஊரில் “பதினேழு கல் வாட்ச்” என்று பெருமையாகச் சொல்வார்கள். நண்பர்களே, என் கையில் இருக்கும் இந்த ஜெர்மன் கடிகாரத்திலும் கல் பதினேழுதான்!

எளிமையான, கையால் சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு 17 போதும். சக்கரத்தின் அச்சுமுனை சுழலும் குழிகளில் செயற்கை மாணிக்கத்தைப் பதிக்கிறார்கள். உலோகத்தோடு உலோகம் உரசினால் தேயும், மாணிக்கம் தேயாது. விலைக்கும் அந்தக் கல்லுக்கும் தொடர்பில்லை, ஆலையில் வளர்க்கும் கல்தான். அப்படியானால் ஜனதாவுக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே? கல்லில் இல்லை. கடிகாரத்தைத் திருப்பிப் போடுங்கள். அங்கே இருக்கிறது.

நான் வாங்கியதில் பின்மூடி கண்ணாடி. கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு பார்த்தேன். இயந்திரத்தின் பெயர் ஆல்ஃபா. கனம் வெறும் 2.6 மில்லிமீட்டர். பெரும்பாலான சுவிஸ் கடிகாரங்களில் சக்கரங்களை மேலிருந்து பிடித்துக்கொள்ளும் பாலங்கள் ஒன்றுக்கு மேற்பட்டதாகப் பிரிந்து இருக்கும். இதில் ஒரே தகடு, இயந்திரத்தின் முக்கால் பாகத்தை மூடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் அகலமான வரிகள், சாய்த்தால் அலைபோல ஓடுகின்றன. சாவிச் சக்கரங்கள் இரண்டின் மேலும் நடுவிலிருந்து கிளம்பும் கதிர்க் கோடுகள். மூடாத மிச்சக் கால் பாகத்தில் சமநிலைச் சக்கரம் இடமும் வலமும் துடித்துக்கொண்டிருக்கிறது. மணிக்கு 21,600 துடிப்பு. விநாடிக்கு ஆறு.

முக்கால் தகடு என்று சொன்னேன் அல்லவா? அதை மாட்டுவது என்றால் என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். பாலம் தனித்தனியாக இருந்தால் ஒரு சக்கரத்தைப் பொருத்தி, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரே தகடு என்றால் எல்லா அச்சுமுனைகளும் ஒரே நேரத்தில் தத்தம் குழியில் இறங்க வேண்டும். ஒன்று சேரும்போது இன்னொன்று நழுவும். அவசரப்பட்டு அழுத்தினால் முடியளவு மெல்லிய அச்சுமுனை ஒடிந்துவிடும். ஏன் இப்படித் தங்களுக்குத் தாங்களே கஷ்டத்தைத் தேடிக்கொள்கிறார்கள்? சக்கரங்களை ஒரே தகடு பிடித்தால் அவை ஒன்றுக்கொன்று விலகாமல் உறுதியாக நிற்கும் என்பது ஒரு காரணம். அந்த ஊரில் 1864 முதல் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். இப்போது ஊருக்கு வந்துவிட்டோம்.

கிளாஸ்ஹூட்டே எங்கே இருக்கிறது? ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், ட்ரெஸ்டன் நகருக்குத் தெற்கே, ஏர்ட்ஸ்கெபிர்கெ மலைத்தொடரில், முக்லிட்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில். ஒரு காலத்தில் அந்த மலைகள் வெள்ளிச் சுரங்கத்தால் பிழைத்தன. வெள்ளி வற்றியது. ஊர் வறண்டது. பிழைப்புக்கு வழியில்லாத அந்த ஊருக்கு ட்ரெஸ்டனிலிருந்து ஒரு கடிகாரக்காரர் வந்தார். பெயர் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே. சாக்சனி அரசவைக் கடிகாரக்காரர் குட்கேஸிடம் தொழில் கற்றவர். பாரிஸிலும் சுவிட்சர்லாந்திலும் சுற்றி வந்தவர். அரசாங்கத்திடம் கடன் வாங்கி, 15 இளைஞர்களுக்குத் தொழில் கற்றுத்தருவதாக ஒப்புக்கொண்டு, 1845 டிசம்பர் 7 அன்று பட்டறையைத் தொடங்கினார்.

யோசித்துப் பாருங்கள். கடிகாரத் தொழிலுக்கு நல்ல ஊரைத் தேடி அவர் போகவில்லை. வேலையில்லாத ஊரைத் தேடிப் போனார். கற்றுக்கொண்டவர்களை எல்லாம் தன்னிடமே கட்டிப்போடவும் இல்லை. ஒருவன் சக்கரம் மட்டும் செய்யட்டும், ஒருவன் திருகாணி மட்டும் செய்யட்டும், ஒருவன் முலாம் மட்டும் பூசட்டும், தனித்தனியே கடை வைத்துப் பிழைக்கட்டும் என்று விட்டார். ஊரே ஒரு தொழிற்சாலை ஆனது. அந்தக் காலத்தில் கடிகாரக்காரர்கள் பாரிஸ் ‘லைன்’ என்ற பழைய அளவில் கணக்குப் போடுவார்கள். லாங்கே மில்லிமீட்டருக்கு மாறினார். சுவிட்சர்லாந்தில் இயந்திரத்தின் அளவை இன்றும் ‘லைன்’ என்றே சொல்வது உண்டு. லாங்கே 18 ஆண்டுகள் கிளாஸ்ஹூட்டேயின் மேயராகவும் இருந்துவிட்டு 1875இல் காலமானார்.

அவரோடு உழைத்த இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். மோரிட்ஸ் கிராஸ்மன். 1878இல் கிளாஸ்ஹூட்டேயில் ஜெர்மன் கடிகாரத் தொழிற்பள்ளி அமையக் காரணமானவர். அந்தப் பள்ளிக் கட்டடம்தான் இன்று கடிகார அருங்காட்சியகம். கிராஸ்மன் எப்படி இறந்தார் தெரியுமா? 1885இல் லைப்சிக் நகரில் சொற்பொழிவு ஆற்றிவிட்டு, அன்றே உயிர்விட்டார். ஆகவே நான் உரிய நேரத்தில் முடித்துக்கொள்வேன். யாரும் கவலைப்பட வேண்டாம்.

லாங்கே பட்டறை தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஓடின. பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1945 மே 8. ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். அதே நாளில் சோவியத் விமானங்கள் கிளாஸ்ஹூட்டே மீது குண்டு போட்டன. லாங்கே பட்டறை சேதமானது. எஞ்சிய இயந்திரங்களைப் போர் இழப்பீடு என்று கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். இழந்த கருவிகளையே முதலில் செய்துகொண்டு, ஊர்க்காரர்கள் மறுபடி கடிகாரம் செய்தார்கள். 1948இல் அரசு லாங்கே குடும்பத்திடமிருந்து நிறுவனத்தைப் பறித்தது. கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே மேற்கு ஜெர்மனிக்குத் தப்பி ஓடினார். 1951இல் ஊரின் கடிகார நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே மக்கள் உடைமை நிறுவனமாக இணைத்தார்கள். லாங்கே என்ற பெயர் டயலிலிருந்து மறைந்தது. ஊர்ப்பெயர் மறைந்ததா? மறையவில்லை! ஊர் கிழக்கு ஜெர்மனியில் இருந்த நாற்பது ஆண்டுகளிலும் அங்கே கடிகாரம் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. வால்டர் லாங்கே திரும்பி வந்தார். வயது 66. மற்றவர்கள் ஓய்வூதியம் வாங்கும் வயதில், 1990 டிசம்பர் 7 அன்று, கொள்ளுத்தாத்தா தொடங்கிய அதே தேதியில், 145 ஆண்டுகள் கழித்து, கம்பெனியை மறுபடி பதிவு செய்தார். அந்தக் கதையை இங்கே பலரும் பேசியிருக்கிறார்கள். லாங்கே கடிகாரம் வாங்கும் வசதி எனக்கும் இல்லை, இந்த மண்டபத்தில் முக்கால்வாசிப் பேருக்கும் இல்லை. ஆகவே நம் கைக்கு எட்டியவரைப் பார்ப்போம்.

லாங்கேயையும் முந்திக்கொண்டு ஒருவர் வந்துவிட்டார். ரோலண்ட் ஷ்வெர்ட்னர். டுசெல்டோர்ஃப் நகரத்துக்காரர். கடிகாரக்காரர் இல்லை, புகைப்படக்காரர், கணினி தெரிந்தவர். 1990 ஜனவரியில், ஜெர்மனிகள் இரண்டும் இன்னும் இணையாத நேரத்தில், கிளாஸ்ஹூட்டேயில் நோமோஸைத் தொடங்கினார். 1992இல் முதல் கடிகாரங்கள் விற்பனைக்கு வந்தன: டாங்கென்டே, ஓரியன், லூட்விக், டெட்ரா. வடிவமைத்தவர் சுசானே குன்தர். இன்று அந்த நிறுவனத்தின் அலுவலகம் ஊரின் பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. நோமோஸ் என்ற பெயரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே ஊரில் ஒரு வியாபாரம் நடந்தது. சுவிஸ் சரக்கை வரவழைத்து, கிளாஸ்ஹூட்டே பெயரைப் போட்டு விற்றார்கள். லாங்கே நிறுவனம் வழக்குப் போட்டது. கடை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அப்படிக் கெட்டுப்போன ஒரு பெயரைத்தான் ஷ்வெர்ட்னர் தூசி தட்டி எடுத்தார். துணிச்சலா, விளையாட்டா? எனக்குத் தெரிந்தவரை இரண்டும்தான்.

ஊர்ப்பெயரைக் காக்கும் சட்டம் என்ன சொல்கிறது? டயலில் கிளாஸ்ஹூட்டே என்று எழுத வேண்டுமானால், இயந்திரத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் அந்த ஊரில் செய்யப்பட்டிருக்க வேண்டும். நெடுங்காலம் இது தொழில் வழக்கமாகவும் நீதிமன்றத் தீர்ப்பாகவும் இருந்தது. 2022இல் ஜெர்மன் கூட்டரசு இதற்கென்றே தனி விதியாணை பிறப்பித்தது. காஞ்சிபுரம் பட்டு என்று சொல்லி வேறெங்கோ விசைத்தறியில் நெய்த சேலையைத் தலையில் கட்டும்போது நம் வீட்டுப் பெண்கள் கேட்கிறார்களே ஒரு கேள்வி, அதே கேள்வியைத்தான் அந்தச் சட்டம் கடிகாரத்திடம் கேட்கிறது.

நோமோஸ் அதற்கு என்ன பதில் சொன்னது? தொடக்கத்தில் அதன் உள்ளே இருந்தது சுவிட்சர்லாந்தின் பெசோ 7001 இயந்திரம். அதை வாங்கி, கிளாஸ்ஹூட்டேயில் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டார்கள். 2005 வாக்கில் சொந்த இயந்திரத்துக்கு மாறினார்கள். அதுதான் ஆல்ஃபா. சக்கரங்களின் அமைப்பில் அந்தப் பழைய 7001இன் சாயல் இன்றும் தெரியும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல ஆசிரியரின் கையெழுத்து மாணவனிடம் தெரிவது இயல்பு. கடிகாரத்தின் இதயமான சமநிலைச் சக்கரம், சுருள்வில், தப்பிப்பு அமைப்பு இவற்றுக்கு உலகத்தில் பாதிப்பேர் சுவிஸ் நிறுவனங்களைத்தான் நம்பியிருந்தார்கள். ஏழு ஆண்டு உழைத்து, ஒரு கோடி யூரோவுக்கும் மேல் செலவழித்து, ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் துணையோடு அதையும் சொந்தமாகச் செய்து 2014இல் வெளியிட்டார்கள். முதலில் அது வந்தது மெட்ரோ என்ற வேறொரு மாடலில். கணக்கு இருக்கிறதா என்று கேட்டேன் அல்லவா? இருக்கிறது.

ஆனால் இதே கடிகாரத்தை விற்கிறவர்கள் சொல்லும் இன்னொன்றை நான் ஏற்கவில்லை. பவுஹவுஸ் கடிகாரம் என்கிறார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் பவுஹவுஸ். 1919இல் வைமாரில் தொடங்கி, டெஸ்ஸாவுக்கு மாறி, 1933இல் பெர்லினில் மூடப்பட்ட அந்தக் கலைப்பள்ளி டாங்கென்டேயை வரையவில்லை. இந்த முகத்தின் பூர்விகம் ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற இன்னொரு ஜெர்மன் ஊர். அங்கே வெபர்–பரால் என்ற டயல் தொழிற்சாலை 1930களில் செய்த டயல் ஒன்றுதான் இதற்கு மூலம். அதே டயலை அன்று லாங்கே நிறுவனமும் ஸ்டோவா நிறுவனமும் பயன்படுத்தியிருக்கின்றன. அந்தக் காலக் காற்றில் பவுஹவுஸ் வாசனை இருந்தது உண்மை. அதற்காகப் பெயர் தெரியாத ஒரு டயல் தொழிலாளியின் வேலையைப் பெயர் பெற்ற பள்ளிக்கு எழுதிவைக்கலாமா? ஊர்ப்பெயரில் இவ்வளவு கறாராக இருப்பவர்களை நேசிக்கும் நாம், இதிலும் கறாராக இருப்போம்.

குறை சொல்லாமல் விட்டால் என்னைக் கம்பெனி ஏஜெண்ட் என்பீர்கள். சொல்கிறேன். பட்டையைப் பிடிக்கும் கால்கள் நான்கும் நீளம். வளைவில்லாமல் நீண்டு, ஒரேயடியாகக் கீழே இறங்குகின்றன. 35 மில்லிமீட்டர் என்று நம்பி ஒல்லியான மணிக்கட்டுக்காரர் வாங்கினால், கால்கள் மணிக்கட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். இருட்டில் மணி தெரியாது. மழையில் நனையலாம், குளத்தில் இறங்கக்கூடாது. பட்டை குதிரைத் தோல், சிகாகோவில் ஹார்வீன் பதனிடும் கார்டோவன். அருமையான தோல், தடவினால் எண்ணெய் தேய்த்தது போல் வழுக்கும். ஆனால் சென்னையின் மே மாதத்தை நினைத்து யாரும் அதைப் பதனிடவில்லை. வியர்வை பட்டால் ஓரம் கறுத்து விறைக்கிறது. கோடையில் நான் துணிப்பட்டைக்கு மாறிவிடுவேன். கண்ணாடிப் பின்மூடி போட்டதற்குத் தனி விலை, உலோக மூடி போட்டது அதைவிட மலிவு. இதைப் பலர் வீண் செலவு என்பார்கள். முக்கால் தகட்டைப் பார்க்காமல் இந்தக் கடிகாரத்தை வாங்குவதுதான் வீண் என்பேன் நான்.

நேரம் காட்டுவதில் எப்படி? புதிது என்பதால் தீர்ப்புச் சொல்ல இன்னும் காலம் வேண்டும். ஆறு நிலைகளில் வைத்துச் சரிபார்த்து அனுப்புகிறார்கள். குமிழை இழுத்தால் விநாடி முள் நிற்கிறது. ரேடியோ மணியோசைக்குச் சரியாக வைத்து அழுத்தினால் ஓடத் தொடங்குகிறது. இதுவரை எனக்குப் புகார் இல்லை. அவ்வளவே சொல்லலாம்.

வாங்கலாமா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு நல்ல கடிகாரம் போதும், அலுவலகத்துக்கும் கல்யாணத்துக்கும் அதையே கட்டிக்கொள்கிறேன் என்பவர் தாராளமாக வாங்கலாம். நீச்சலடிக்கிறவர், மோட்டார் வண்டி பிரிக்கிறவர், எண்ணெய்க் கையோடு நாள் முழுக்க நிற்கிறவர் வாங்க வேண்டாம். கடன் வாங்கி யாரும் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே பலர் வீட்டு அலமாரியில் அப்பாவின் எச்எம்டி ஒன்று ஓடாமல் கிடக்கும். எச்எம்டி கடிகார நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது.  இன்று வீட்டுக்குப் போனதும் ஆசையாக எடுத்து அதற்குச் சாவி கொடுத்துவிடாதீர்கள். ஆண்டுக்கணக்காக ஓடாத கடிகாரத்தில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அப்படியே ஓட்டினால் அச்சுமுனைகள் தேயும். கைக்கடிகாரத்தைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போடத் தெரிந்த கடைக்காரர் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் இன்னும் ஓரிருவராவது இருப்பார். அவரிடம் கொடுங்கள். சர்வீஸ் முடித்து அவர் திருப்பிக் கொடுத்த பிறகு சாவி கொடுங்கள். பேரம் பேசாமல் அவர் கேட்ட கூலியைக் கொடுங்கள்.